"கஸ்டம்" என்று கைக்கு வந்த ரைஃபிள்: கட்டையைக் கழற்றியதும் தெரிந்த ஏமாற்று

பட்டறை கொடுத்த வேலைப் பட்டியலில் இருந்தவை: பில்லர் பெட்டிங் (திருகுகளைச் சுற்றி உலோகத் தூண் வைத்து, ரீசீவரை எபாக்ஸியால் கட்டைக்குள் அசையாமல் உட்கார வைப்பது), ஃப்ரீ ஃப்ளோட் குழல் (கட்டையைத் தொடாமல் நிற்பது), போல்ட் லக் லேப்பிங் (போல்ட்டைப் பூட்டும் காதுகளைத் தேய்த்துச் சமமாக்குவது), ட்ரிக்கர் ட்யூனிங், புது கிரவுன் (குழல் வாயின் விளிம்பு), ஸ்கோப் பேஸ் பொருத்தல். கூடவே மூன்று துளைகளும் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்த ஓர் இலக்குத்தாள். துப்பாக்கி ரெமிங்டன் 700 வகை ஆக்‌ஷன் (போல்ட்டும் அதைத் தாங்கும் உலோகக் கூடான ரீசீவரும் சேர்ந்த பகுதி), .308 வின்செஸ்டர் தோட்டா, வால்நட் கட்டை. பிரித்துப் பார்த்தபோது ஆறு வேலைகளில் ஒழுங்காக இருந்தது ஃப்ரீ ஃப்ளோட் மட்டும்தான். இரண்டு வேலைகள் துப்பாக்கியை முன்பைவிட ஆபத்தானதாக ஆக்கியிருந்தன.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. எந்த வேலையில் எப்படி ஏமாற்றுவார்கள் என்று தெரிந்தால், அதே வேலை வேறு பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம். கீழே வரும் சோதனைகள் எல்லாம் வெற்றுத் துப்பாக்கியில் செய்பவை. சேம்பரையும் (தோட்டா உட்காரும் அறை) மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

முதலில் அந்த இலக்குத்தாள். மூன்று குண்டுகள் எதையும் நிரூபிக்காது. சுமாராகச் சுடும் ரைஃபிள்கூட எப்போதாவது மூன்றை ஒரே இடத்தில் போடும். ஏமாற்ற நினைப்பவர் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். குழுவின் அகலத்தைச் சொல்லும் கோண அளவான ஒரு மோவா (MOA) 100 மீட்டரில் 29 மி.மீ. அந்தக் கணக்கைச் சொல்கிறவரிடம் ஒரே அமர்வில் சுட்ட ஐந்து குண்டுக் குழுக்கள் குறைந்தது நான்கு கேளுங்கள். தூரமும் தோட்டா வகையும் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். இந்த ரைஃபிளில் ஐந்து குண்டுக் குழுக்கள் செங்குத்தாக நீண்டு 75 மி.மீ. வரை போயின. கட்டையிலிருந்து ஆக்‌ஷனைக் கழற்றித் திரும்பப் பூட்டியதும் ஜீரோவே (ஸ்கோப் காட்டும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும் நிலை) இடம் மாறியது. குழலையும் தோட்டாவையும் சந்தேகிப்பதற்கு முன் பெட்டிங்கைச் சந்தேகிக்கச் சொல்லும் அடையாளம் இந்த இரண்டாவதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிங் அழகாகத்தான் இருந்தது. ரீசீவர் விளிம்பை ஒட்டிச் சீரான கறுப்பு எபாக்ஸிக் கோடு. திருகுத் துளைக்குள் பளபளக்கும் அலுமினிய வளையம். ஏமாற்று இருந்ததும் இந்த இரண்டில்தான்.

கட்டையைக் கழற்றாமலே பிடித்துவிடலாம். டயல் கேஜைக் குழலில் கட்டி, அதன் முனையை முன்கட்டையின் நுனியில் தொட வையுங்கள். இரண்டு ஆக்‌ஷன் திருகுகளையும் இறுக்கிவிட்டு, முன்திருகை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். முள் 0.002 அங்குலத்துக்குள் (0.05 மி.மீ.) நின்றால் நல்ல பெட்டிங். 0.005 தாண்டினால், திருகு இறுகும்போதெல்லாம் ஆக்‌ஷன் வளைகிறது என்று பொருள். இங்கே முள் 0.018 போனது. கேஜ் இல்லாதவர்கள் குழலுக்கும் முன்கட்டை நுனிக்கும் நடுவே விரலை வைத்துத் தளர்த்தினாலே போதும். இந்த அளவு அசைவு விரலுக்கே தெரியும்.

கழற்றியதும் காரணம் தெரிந்தது. எபாக்ஸி விளிம்பில் மட்டும் 2 மி.மீ. அகலத்தில் பூசப்பட்டிருந்தது, அடியில் வெறும் மரம். "பில்லர்" என்பது 6 மி.மீ. உயர வளையம் மட்டுமே. உண்மையான பில்லர் ரீசீவரின் அடியிலிருந்து கீழ்ப்புற ட்ரிக்கர் கார்டு வரை முழு உயரத்துக்கும் நிற்க வேண்டும். உலோகம் உலோகத்தின்மேல் உட்காரும்போதுதான் திருகை 65 இஞ்ச்-பவுண்டுக்கு (சுமார் 7.3 நியூட்டன் மீட்டர்) இறுக்க முடியும். இங்கே அதே 65-ஐ வெறும் மரத்தின்மேல் வைத்திருக்கிறார்கள். மரம் நசுங்குகிறது, திருகு தளர்கிறது, மறுபடி இறுக்கினால் இன்னும் நசுங்குகிறது. ஈரப்பதம் ஏறி இறங்கும் நாட்களில் சொல்லவே வேண்டாம்.

ரீகாயில் லக்கிலும் இதே அவசரம். ரீசீவரின் அடியில் துருத்தி நிற்கும் அந்தத் துண்டின் பின்முகம் மட்டுமே பெட்டிங்கைத் தொட வேண்டும். உதை இறங்குவது அந்த முகத்தில்தான். முன்புறம், இரு பக்கம், அடி ஆகியவற்றுக்கு டேப் ஒட்டிவிட்டு எபாக்ஸி ஊற்றினால் அங்கெல்லாம் மெல்லிய இடைவெளி தங்கும். டேப்பே ஒட்டாமல் ஊற்றியதால் லக் அடியில் முட்டி நின்றது. ரீசீவர் லக்கின் நுனியில் நின்று ஆடியது. கழற்றும்போதெல்லாம் எபாக்ஸியின் ஓரம் பிய்ந்து வந்தது.

ரீசீவரின் வால் பகுதிக்குப் பின்னால் ஒரு மயிரிழை விரிசல். வாலுக்கும் மரத்துக்கும் இடையே அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். அதை விடாமல் எபாக்ஸியால் அடைத்துவிட்டார்கள். லக் ஏற்க வேண்டிய உதையை வால் வாங்கி, கட்டையின் கழுத்தில் ஆப்பு அடிப்பதுபோல் இறக்குகிறது. "மரம் தானாகவே வெடிக்கும்" என்பது பட்டறையின் பதில். நேர்நடுவில், வாலின் நுனியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும் விரிசல் தானாக வந்ததல்ல.

ஸ்கோப் பேஸ் பற்றிச் சுருக்கமாக: போல்ட் கைப்பிடியைக் கீழே இறக்கும் கடைசி இடத்தில் உரசியது. ரீசீவரின் முன்வளையத் திருகு ஒன்று நீளம். அது போல்ட் லக்கின் மேல்பக்கத்தில் ஒரு பளபளப்பான கீறல் போட்டிருந்தது. பேஸ் திருகுகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, ஒவ்வொரு முறையும் போல்ட்டை மூடித் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கஸ்டம் வேலைக்குப் போய் வந்த துப்பாக்கியில் போல்ட் புதிதாகக் கனத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி அந்த ஆபத்தான இரண்டு.

ட்ரிக்கர் எடை அரை கிலோவுக்குக் கீழே இருந்தது. வேட்டைக்கு 1.2 முதல் 1.6 கிலோ வரை பொருத்தமான அளவு. குளிரில் மரத்த விரலுக்கும் கையுறைக்கும் அது வேண்டும். பிடிப்பு முகத்தை, அதாவது சியரை, கல்லில் தேய்த்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். அந்த முகத்தின் கடினத்தோல் மிக மெல்லியது. தேய்த்ததும் கோணம் உருண்டுவிடும், பிடிப்பு குறையும். போதாததற்கு, சரிசெய்யும் திருகுகள் நகராதிருக்கத் தாராளமாகப் பசையும் விட்டிருந்தார்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர்களை ரெமிங்டனே திரும்பப் பெற்றதற்குக் காரணம், பொருத்தும்போது கூடுதலாகச் சேர்ந்துபோன ஒட்டுப்பசைதான். ட்ரிக்கர் பெட்டிக்குள் ஒரு சொட்டு என்ன செய்யும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

சோதிக்கும் முறை: போல்ட்டை இருபது முறை முரட்டுத்தனமாக அடித்து மூடுங்கள். அடுத்து, சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை அழுத்தி இழுத்து விடுங்கள். பிறகு விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்துவிட்டு சேஃப்டியைத் தளர்த்துங்கள். கடைசியாக, போல்ட்டைக் காக் செய்து (ஃபயரிங் பின் சுடத் தயாராக நிற்கும்படி வைத்து), சேஃப்டி போடாமல், பின்கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் நன்றாகத் தட்டுங்கள். இதில் எந்தக் கட்டத்திலும் ஒரே ஒரு முறை ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியை அடிக்கும் ஊசி) விழுந்தாலும் அந்த ட்ரிக்கர் தோல்வி. இங்கே சேஃப்டியைத் தளர்த்தியபோது இரண்டு முறை விழுந்தது. தேய்த்த சியரை மறுபடி தேய்த்துச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள். முழு யூனிட்டையும் மாற்றுவதுதான் வழி.

அடுத்தது லக் லேப்பிங். போல்ட்டின் இரண்டு லக்குகளும் சமமாக அழுந்த வேண்டும் என்பது சரியான நோக்கம்தான். ஆனால் லக்கின் பின்முகத்தில் எவ்வளவு உலோகம் போகிறதோ, ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரின் தோள் வரை உள்ள தூரம், அதே அளவு கூடுகிறது. அதை அளப்பவை தோட்டா வடிவ உருக்கு கேஜ்கள்: போல்ட் கோவின்மேல் மூட வேண்டும், நோ-கோவின்மேல் மூடக்கூடாது, ஃபீல்ட் கடைசி எல்லை. .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. கோவுக்கும் நோ-கோவுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மி.மீ., சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன். பளபளப்பு வரும்வரை அரைப்பவருக்கு அந்தத் தாள் எப்போது போனது என்று தெரியாது. இந்தத் துப்பாக்கியில் போல்ட் நோ-கோவின்மேல் மூடியது, ஃபீல்டின்மேல் மூடவில்லை. ஃபீல்டின்மேலும் மூடியிருந்தால் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது. பழைய துப்பாக்கியில் நோ-கோ மூடினால் தேய்மானம் என்று வாதாடலாம். காசு வாங்கிச் செய்த வேலைக்குப் பிறகு மூடினால் அது வேலைக் கோளாறு. சோதிக்கும்போது ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, கைப்பிடியை ஒரு விரலால் மட்டும் இறக்க வேண்டும். அழுத்தினால் எந்தக் கேஜும் பொய் சொல்லும்.

கேஜ் இல்லாவிட்டாலும் சுட்ட பித்தளை ஓடு காட்டிக்கொடுக்கும். அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே ஓட்டைச் சுற்றி வெளிர்ப் பளபளப்பு வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு வருடினால், அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். அந்த ஓட்டையே திரும்ப நிரப்பிச் சுட்டால், அடுத்த சூட்டிலோ, அதற்கடுத்ததிலோ அது இரண்டாகப் பிரிந்து, வாயு பின்னோக்கி வரலாம். குழலைக் கழற்றி, தோள்பட்டையைக் கடைந்து, ஒரு புரி அளவு உள்ளே தள்ளி, சேம்பரைத் திரும்ப ரீம் செய்வதுதான் தீர்வு. அந்த லேப்பிங்குக்கு ஆகும் உண்மையான செலவு இது.

கிரவுனை லேத்தில் வெட்டவில்லை, எமரி வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். குழல் வாயில் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்தபோது ஒரு பக்கம் நூல் சிக்கியது. சுட்டபின் வாயில் படியும் புகைக்கறையின் கதிர்களும் ஒரே நீளத்தில் இல்லை.

பெட்டிங்கைப் புதிதாகச் செய்யும்போது பார்க்க வேண்டியவை: ரீசீவரின் அடியிலும் லக்கின் பின்னும் சுமார் 3 மி.மீ. மரத்தைக் குடைந்தெடுத்தார்களா, முழு உயரப் பில்லரை முதலில் ஒட்டினார்களா, ரீகாயில் லக்கின் பின்முகம் தவிர மற்ற நான்கு முகங்களுக்கும் டேப் உண்டா, திருகுத் துளைகளையும் ட்ரிக்கர் இடத்தையும் களிமண்ணால் அடைத்தார்களா, உலோகம் முழுவதும் ரிலீஸ் ஏஜென்ட் (எபாக்ஸி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) இரண்டு முறை விழுந்ததா. எபாக்ஸி இறுகும் 24 மணி நேரமும் ஆக்‌ஷனைத் திருகு போட்டு இழுக்கக்கூடாது. தலையில்லாத வழிகாட்டித் தண்டுகளில் உட்கார வைத்து, ரப்பர் குழாயால் லேசாகச் சுற்றிப் பிடித்தால் போதும். இழுத்துக் கட்டினால் வளைந்த நிலையிலேயே அச்சு விழுந்துவிடும்.

வேறு உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் போகுமுன் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்: டயல் கேஜின் முள், கேஜின்மேல் மூடிய போல்ட், லக்கின் அடியில் எபாக்ஸி, குட்டை வளையம், வாலின் விரிசல், ஓட்டின் வளையம். போல்ட்டின் எண்ணும் ரீசீவரின் எண்ணும் ஒரே படத்தில் வரட்டும். பழைய எபாக்ஸியை உளி வைத்து எடுத்துவிட்டால், முதல் பட்டறை என்ன செய்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது.