காரின் ஏசி பைப்பை வீட்டிலேயே மாற்றி மூன்றரை வருடம்: செம்பூரிலிருந்து ஓர் அனுபவம்

அக்டோபர் கடைசி ஞாயிறு, மதியம் இரண்டு மணி. மும்பை செம்பூரிலிருந்து வாஷிக்குப் போகும்போது, ஏசி காற்று வரும் நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகி வைத்தேன். மான்குர்த் சிக்னலில் நின்றபோது 12 டிகிரி. வாஷி பாலம் ஏறி வண்டி ஓட ஆரம்பித்ததும் 8-க்கு இறங்கியது. மே 2022-ல் சக்‌ஷன் பைப்பை (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பும் குழாயை) எங்கள் சொசைட்டி காம்பவுண்டில் வைத்து நானே மாற்றிய மறுநாள், இதே சாலையில் பார்த்தபோது 7 இருந்தது. மூன்றரை வருடத்தில் ஒரு டிகிரிதான் வித்தியாசம். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். மாற்றிய வாரமே எழுதியிருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு இருந்திருக்காது. புதிதாக கேஸ் ஏற்றினால் எந்த ஏசியும் ஒரு மாதம் நன்றாகத்தான் குளிரும்.

கார் 2014-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் வண்டி. 2019 ஏப்ரலில் முதல்முறையாகக் குளிர்ச்சி குறைந்தது. போன இடத்தில் ‘கேஸ் கதம் ஹோ கயா’ (கேஸ் தீர்ந்துபோச்சு) என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் வேறொரு இடத்தில் அதே பேச்சு, அதே வேலை. 2022 மார்ச்சில் மூன்றாவது முறை. இரண்டே மாதத்தில், மே நடுவில், மறுபடியும் வெறும் காற்று. மூன்று தடவையும் எங்கே கசிகிறது என்று யாரும் பார்க்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

எனக்குப் புரிய வைத்தவர் தாராவியில் பல வருடமாக ஃபிரிட்ஜ், ஏசி வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரர். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் ஏசி சர்வீஸ் செய்வார். விஷயத்தைச் சொன்னதும் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு இதுவரைக்கும் எத்தனை தடவ கேஸ் போட்டீங்க?”

“ஒரு தடவகூட இல்ல அண்ணாச்சி. பதினாலு வருஷம் ஆச்சு.”

“அப்புறம் கார்ல மட்டும் எப்படி தீரும்? கேஸ் என்ன பெட்ரோலா, எரிஞ்சு போறதுக்கு? ஓட்டை இருந்தாத்தான் போவும்.”

இதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் உண்டு. ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் மூடிய டப்பாவுக்குள் இருக்கிறது, குழாய்கள் எல்லாம் பற்றவைத்தவை. காரில் கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. அதன் தண்டைச் சுற்றி ஒரு சீல் உண்டு, நடுவில் ரப்பர் ஹோஸ்களும் உண்டு. இவை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸ் வெளியேறும். ஆனால் அது பல வருடத்தில் தெரிகிற அளவு. இரண்டு மாதத்தில் காலியானால் அது ஓட்டைதான்.

அன்று மாலையே பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் படிந்து அதில் தூசி ஒட்டியிருக்கும். பேட்டரிக்குப் பின்னால் சக்‌ஷன் பைப்பை பாடியோடு பிடித்து வைக்கும் கிளாம்ப் அருகே அப்படி ஒரு கறுப்பு அப்பல். சோப்புத் தண்ணீர் தடவினால் மெல்ல மெல்ல ஒரு குமிழ் எழும்பியது. எஞ்சின் நிற்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும் என்றார் அண்ணாச்சி. ஏசி ஓடும்போது சக்‌ஷன் பக்கம் அழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் இரண்டு பக்கமும் சமமாகி, நம் ஊர் வெயிலுக்கு 90-ஐத் தாண்டிவிடும். குமிழ் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

கிளாம்ப்பைக் கழற்றியதும் காரணமும் தெரிந்தது. பைப் அலுமினியம், கிளாம்ப் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் உளுத்து விழுந்திருந்தது. இரண்டு உலோகம் நேராக ஒட்டிக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால், அலுமினியம்தான் கரையும். ஒரு பேட்டரிக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. மும்பையில் ஈரத்துக்கும் உப்புக்கும் குறைவே இல்லை. கிளாம்ப் பிடித்த இடம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்து, நடுவில் குண்டூசி முனை அளவு குழி. பத்து ரூபாய் ரப்பர் இல்லாததால் மூன்று தடவை காசு போயிருக்கிறது.

காசைவிட எனக்கு உறுத்தியது வேறு. என் கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் ஓசோனைக் கெடுக்காது, ஆனால் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். என் காரில் நிற்பது 420 கிராம். ஒரு தடவை முழுவதும் கசிந்தால் அரை டன்னுக்கும் அதிகமான கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். நான் அதை மூன்று முறை செய்திருக்கிறேன்.

அதனால் மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விடக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். பல இடங்களில் வால்வை அமுக்கிப் புஸ்ஸென்று விடுவார்கள். வீட்டில் செய்பவர்களும் அதையே செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரெகவரி மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு உறிஞ்சி எடுத்துக் கொடுத்தார்கள். மெஷின் 130 கிராம் காட்டியது. அங்கே ஒரு பாடமும் கிடைத்தது. அதற்கு முன் நின்ற நிலையில் கேஜ் காட்டிய அழுத்தம் ஏறக்குறைய முழு அளவு கேஸ் இருப்பதுபோலவே இருந்தது. உள்ளே துளி திரவம் மிச்சமிருக்கும்வரை, அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததில்லை. நிற்கும் வண்டியில் கேஜை மாட்டிப் பார்த்து ‘கேஸ் ஃபுல்லா இருக்கு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பைப்புக்கு முதலில் குர்லா சிஎஸ்டி ரோட்டில் அலைந்தேன். பழைய வண்டியிலிருந்து கழற்றியது 900 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் அதுவும் இதே ஊரில் இத்தனை மழை பார்த்த அலுமினியம். உள்ளே எவ்வளவு நாள் வாய் திறந்து கிடந்ததோ தெரியாது. வேண்டாம் என்று கம்பெனி அல்லாத புதுப் பைப் 3,100-க்கு வாங்கினேன். ஈரத்தை உறிஞ்சும் டிரையர் 850, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) செட் 120, கம்ப்ரஸருக்கான பிஏஜி 46 ஆயில் 400, கேஸ் டப்பா 550. கேஜ் செட் 2,400, அது என்னிடமே இருக்கிறது. வேக்யூம் பம்ப் அண்ணாச்சியுடையது. எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் சொன்னது 11,000. வித்தியாசம் பெரிதில்லை. பணம் மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

மழை தொடங்குமுன் முடிக்க வேண்டும் என்று மே கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். பேட்டரியைக் கழற்றி, அதன் தட்டையும் எடுத்தால்தான் கை போகும். கம்ப்ரஸர் பக்கம் ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட். அது இலகுவாக வந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயிலுக்குப் போகும் முனையில்தான் நேரம் போனது. அங்கே போல்ட் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் தெளித்து அரை மணி காத்திருந்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அப்படியே ஆட்டி ஆட்டி எடுத்தோம். அந்த இடத்தில் பலத்தைக் காட்டி போல்ட் தலை உடைந்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். டிரையரில் நட்டு. அங்கே ஒரு ஸ்பானரால் பைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருக வேண்டும், இல்லையென்றால் பைப் முறுக்கிக்கொள்ளும்.

திறந்த ஒவ்வொரு வாயையும் உடனே பிளாஸ்டிக் மூடியால் அடைத்தோம். பிஏஜி ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மும்பைக் காற்றில் அரை மணி திறந்து கிடந்தாலே அதிகம். டிரையரை மாற்றியதும் இதனால்தான். ஈரம் உள்ளே தங்கினால், கேஸ் விரிந்து குளிரும் குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். புது ஓ-ரிங்குகளில் ஆயில் தடவி உட்கார வைத்தோம். பழைய பைப்பிலும் டிரையரிலும் போன ஆயிலுக்கு ஈடாக 20 மில்லி ஊற்றினோம்.

புதுப் பைப்பின் வளைவு ஒரிஜினல் போல் அச்சாக இல்லை. பேட்டரித் தட்டின் விளிம்பை உரசுகிற மாதிரி வந்தது. பழைய பைப்பில் ஓட்டை விழுந்த காரணமே இரும்பு நேராகத் தொட்டதுதான் என்பதால், அதை அப்படியே விட மனம் வரவில்லை. கிளாம்ப்பை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பொருத்தி, தடிமனான ரப்பர் ஹோஸைக் கீறிப் பைப்பின் மேல் மாட்டி, அதற்கு மேல் கிளாம்ப்பைப் பிடித்தோம். இந்த வேலைக்கு மட்டும் ஒரு மணி நேரம்.

பிறகு வேக்யூம், 45 நிமிடம். கேஜ் முள் 29 அங்குல (பாதரச) வெற்றிடத்தில் நின்றது. அந்த வெற்றிடத்தில் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அன்று காலை எங்கள் காம்பவுண்டில் 31. உள்ளே ஈரம் இருந்தாலும் பம்ப் இழுத்துவிடும். பம்ப்பை நிறுத்தி வால்வை மூடி ஒரு மணி நேரம் விட்டோம். முள் அசையவில்லை. இந்த ஒரு மணி நேரத்தைப் பொறுமையாகக் காத்திருக்காதவர்கள் இந்த வேலையைத் தொடாமலே இருக்கலாம்.

கேஸை எடை பார்த்துத்தான் ஏற்றினேன். சமையலறைத் தராசில் டப்பாவை வைத்து, பானட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள 420 கிராம் போனதும் நிறுத்தினேன். எஞ்சின் ஓடும்போது கேஜ் செட்டில் சக்‌ஷன் பக்கத்து நீல வால்வை மட்டும்தான் திறக்க வேண்டும். சிவப்பு வால்வைத் திறந்தால் டிஸ்சார்ஜ் பக்கத்தின் 200 பிஎஸ்ஐ அழுத்தம் டப்பாவுக்குள் பாய்ந்து அது வெடிக்கக்கூடும். டப்பாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து.

சரி, அதற்குப் பிறகான மூன்றரை வருடம். முதல் வருடம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 செப்டம்பரில் வென்ட் வெப்பநிலை 7-லிருந்து 10-க்கு ஏறியிருந்ததை என் நோட்டில் கவனித்தேன். ரப்பர் வைத்த இடம், இரண்டு முனைகள், எல்லாம் சோப்புப் போட்டுப் பார்த்தோம். சுத்தம். கசிந்தது கேஸ் ஏற்றும் வால்வின் ஊசி. ஒரு சர்வீஸில் அதன் பிளாஸ்டிக் மூடி காணாமல் போயிருக்கிறது, தூசி ஏறி ஊசி சரியாக உட்காரவில்லை. அந்த மூடியும் ஒரு சீல்தான். கேஸை ரெகவரி செய்து, ஊசியை மாற்றி, மறுபடி வேக்யூம், மறுபடி எடை. 1,600 ரூபாய் ஆனது. இப்போது எந்தச் சர்வீஸுக்கு விட்டாலும் இரண்டு மூடியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் கிளாம்ப்பைக் கழற்றி ரப்பரைப் பார்க்கிறேன். 2024-ல் ஒருமுறை மாற்றினேன். 2025-ல் மழை மே 26-ஆம் தேதியே மும்பைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, அதற்கு முந்தைய ஞாயிறே பார்த்து முடித்திருந்தேன். பைப்பில் வெள்ளைப் பொடி எதுவும் இல்லை. கம்பெனி அல்லாத பைப் என்று சிலர் பயமுறுத்தினார்கள். ரப்பர் பகுதி இன்றும் வெடிப்பில்லாமல் இருக்கிறது, ரப்பரும் உலோகமும் சேரும் கிரிம்ப் அருகே எண்ணெய் பிசுக்கு இல்லை. வளைவு மட்டும் அச்சாக இருந்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்றவே வேண்டாம். அவற்றின் கம்ப்ரஸர் உயர் வோல்டேஜில் ஓடுகிறது, ஆயிலும் வேறு வகை. நான் போட்ட பிஏஜி அதில் போனால் மின்கசிவு வரும். புதுக் கார்கள் சிலவற்றில் கேஸே வேறு, தீப்பிடிக்கும் தன்மையும் கொஞ்சம் உண்டு. ஸ்டிக்கரைப் படிக்காமல் டப்பா வாங்காதீர்கள். விலை குறைவு என்று கடையில் தரும் கலப்புக் கேஸும் வேண்டாம். ஒருமுறை கலந்தால் ரெகவரி மெஷின் வைத்திருப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

அந்த ஒரு டிகிரி ஏன் ஏறியது என்று போன ஞாயிறு அண்ணாச்சியோடு மறுபடி பானட்டைத் திறந்தேன். அழுத்தம் இரண்டு பக்கமும் சரி. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸரின் கீழ்ப்பகுதியில் தகடுகள் கை பட்டாலே உதிர்கின்றன. பதினோரு மழைக்காலம் பார்த்த அலுமினியம். “இன்னும் ஒரு வெயில் தாங்கும் தம்பி” என்றார். பிப்ரவரியில் மாற்றிவிடலாம் என்று விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.