திருவனந்தபுரத்தில் வாங்கிய லேப்டாப்புக்கு வாரண்டிச் சண்டை எங்கே போடுவது?

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்காரர்களுக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓணம் ஆஃபர் வந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி, பாலராமபுரம் நெரிசலில் அரை மணி நேரம் கிடந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் போய் இறங்குவோம். அக்காள் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அவளுக்கு லேப்டாப் வாங்கியதும் அப்படித்தான். விலை 54,990 ரூபாய். பை, மவுஸ் இலவசம். கூடவே 2,499 ரூபாய்க்குக் கடையின் சொந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி ஒன்றையும் தலையில் கட்டினார்கள்.

எட்டாவது மாதம் இடது பக்க ஹிஞ்ச், அதாவது மூடியைத் தாங்கும் கீல், தூக்கிக்கொண்டது. மூடியைத் திறந்தால் ஓரத்துப் பிளாஸ்டிக் வாயைப் பிளக்கிறது. "நான் ஒண்ணும் செய்யல்ல மாமா" என்றாள். செய்திருக்க மாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதை யாரிடம், எந்த ஊரில் போய் நிரூபிப்பது? கடை, கம்பெனி சர்வீஸ் சென்டர், 1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைன், நுகர்வோர் ஆணையம் என்று நான்கு வாசல்கள். ஒவ்வொன்றாக ஏறி இறங்கிய பிறகு எனக்குப் புரிந்தது, நான்கும் ஒரே வேலைக்கானவை இல்லை. தப்பான வாசலில் நின்றால் மாதம்தான் போகும்.

முதலில் கடை. பணம் வாங்கியவர் அவர், பில் போட்டவர் அவர், ஆகவே அவரிடம் போவதுதான் நியாயம் என்று தோன்றும். கவுண்டரில் இருந்த பையன் சிரித்த முகத்தோடு, "சாரே, வாரண்டி கம்பெனியாணு, நம்முடெ கையில் ஒண்ணும் இல்லா" என்றான். பாதி உண்மை. ரிப்பேர் செய்து தரும் பொறுப்பை எழுதிக் கொடுத்தது கம்பெனிதான். சரி, கடையில் வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கிறதே என்று அட்டையை நீட்டினேன். அது கம்பெனி வாரண்டி முடிந்த மறுநாள்தான் தொடங்குமாம். முதல் வருடத்தில் வந்த கோளாறுக்கு அது வெறும் அட்டை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனியே விற்கும் நீட்டிப்பு என்றால் அதே சர்வீஸ் சென்டர், அதே ரெக்கார்டு. கடை விற்பது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் பிளான். அதற்குத் தனி நம்பர், தனி விதிகள். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனியுடையதுதான்.

கடையால் உருப்படியாக ஆகிற காரியம் ஒன்று உண்டு, தேதி. பல கம்பெனிகளின் கணக்கில், டீலருக்குச் சரக்கு போன நாளை ஒட்டி வாரண்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது. நாம் வாங்கியது ஓணத்துக்கு என்றாலும், சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்தால் ஜூனிலேயே தொடங்கியதாகக் காட்டும். பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள். ஆனால் பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். எங்கள் பில்லில் இல்லை. அதைச் சேர்த்து ஒரு நகல் கொடுக்கக் கடையை விட்டால் வேறு ஆள் கிடையாது. அதற்காக மட்டும் நான் மறுபடி பஸ் ஏறினேன், அது வீண் போகவில்லை.

அடுத்தது சர்வீஸ் சென்டர். இந்தியாவில் வாங்கிய லேப்டாப்பின் கம்பெனி வாரண்டிக்கு மாநில எல்லை கிடையாது. கேரளத்து பில் என்றால் திருவனந்தபுரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் பலர் இன்னும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கஸ்டமர் கேரில் பின்கோடு கேட்பார்கள். 629 என்று தொடங்கினால் குமரி மாவட்டம், 695 என்றால் திருவனந்தபுரம். நான் வீட்டு முகவரியையே கொடுத்தேன், நாகர்கோவில் போட்டார்கள்.

அங்கே இன்ஜினியர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "சிஐடி" என்றார். போலீஸ் இல்லை, கஸ்டமர் இண்டியூஸ்டு டேமேஜ். அதாவது நீங்களே உடைத்தது. எஸ்டிமேட் 9,400 ரூபாய். கோபப்பட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடத் தோன்றும். வராதீர்கள். சர்வீஸ் சென்டர் தருகிற பெரிய பொருள் ரிப்பேர் இல்லை, காகிதம். கொண்டு வந்த நிலை என்ன, என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்பது ஜாப் ஷீட்டில், அதாவது அவர்கள் போட்டுத் தரும் வேலைச் சீட்டில், எழுத்தில் வர வேண்டும். வாய்ப் பேச்சாக "வாரண்டி இல்லை" என்பதற்கு அடுத்த வாசலில் மதிப்பே இல்லை. "வெளியில் நசுங்கல், கீறல் எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதச் சொல்லி நின்றேன். எழுதினார், முகம் சுளித்துக்கொண்டு.

அந்த வரியின் பலம் மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. திறந்தால் அதையே சாக்காகச் சொல்லி வாரண்டியை மறுப்பார்கள். விலகிய இடுக்கில் டார்ச் அடித்துக் காட்டினார். ஹிஞ்சின் இரும்புப் பட்டையைத் திருகுகள் பிடித்திருக்கின்றன. திருகுகள் இறங்குவது சின்னப் பித்தளை நட்டுகளில். அந்த நட்டுகள் புதைந்திருப்பது வெறும் பிளாஸ்டிக்கில். எங்கள் ஊர் ஆசாரிகள் கதவின் விஜாகிரி இறுகினால் எண்ணெய் விடுவார்கள், இதற்கு விட முடியாது. ஹிஞ்ச் இறுகி இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இழுப்பு பிளாஸ்டிக்கில் விழுந்து, ஒரு நாள் நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும். கீழே விழுந்த லேப்டாப் என்றால் மூலை நசுங்கியிருக்கும். இதில் மூலைகள் நாலும் புதுசு போலத்தான் இருந்தன. அந்த இடுக்கையும் நாலு மூலைகளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். (மதர்போர்டில் துரு கண்டால் "லிக்விட் டேமேஜ்" என்று முடித்துவிடும் சண்டை வேறு. இரண்டு பருவமழையும் பெய்கிற எங்கள் மாவட்டத்தில் அது இதைவிடக் கஷ்டமான கேஸ்.)

இனி வெளியாரிடம். 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம், காசு கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதோடு இணைந்திருப்பதால் புகார் நேரே கம்பெனியின் மேல்மட்டத்துக்குப் போகிறது. அதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் எடுத்துச் சொல்லலாம், உத்தரவு போட முடியாது. கம்பெனி அசையவில்லை என்றால் அங்கேயே முடிந்தது.

உத்தரவு போடுவது நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடலாம், அப்போது "அவர் பொறுப்பு, இவர் பொறுப்பு" என்ற பந்து விளையாட்டு நிற்கும். சட்டப்படி அவர்கள் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். வழக்கு முடிய நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்பது சட்டம் வைத்த இலக்கு. நடைமுறையில் அதை நம்பிக் காலண்டரைக் கிழிக்க வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அடாப்டருக்கு நான் அங்கே போகமாட்டேன். மதர்போர்டு என்றால் போவேன்.

எந்த ஊர் ஆணையம்? எல்லையோரத்துக்காரர்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செய்த பெரிய உபகாரம் இதுதான். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு தொழில் செய்யும் இடம் அல்லது விவகாரம் எழுந்த இடம்தான் கணக்கு, அதனால் வாய்தாவுக்கு வாய்தா திருவனந்தபுரம் போக வேண்டி வரும். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, நாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ தாக்கல் செய்யலாம். பில் கேரளத்து பில்லாக இருக்கட்டும், களியக்காவிளைக்காரருக்கு நாகர்கோவில் போதும். திருவனந்தபுரத்திலேயே வேலை பார்ப்பவர் அங்கே போடுவதுதான் அவருக்கு வசதி. விவகாரம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 1915-இல் பேசிப் பேசியே அதைக் கடத்திவிடக் கூடாது.

எனக்கு ஆணையம் வரை போகத் தேவைப்படவில்லை. ஜாப் ஷீட், சீரியல் நம்பர் போட்ட பில், ஏழு போட்டோ, எல்லாவற்றையும் 1915 புகாரோடு சேர்த்தேன். கம்பெனிக்கும் கடைக்கும் ஸ்பீடு போஸ்டில் ஆளுக்கொரு கடிதம், பதினைந்து நாளில் தீர்க்காவிட்டால் நாகர்கோவில் ஆணையம் என்று. ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, பாகத்துக்குப் பணம் வேண்டாம், கூலி மட்டும் கொடுங்கள் என்றார். மறுத்தேன். இரண்டு நாள் கழித்து அதுவும் வேண்டாம் என்றார்கள். ஹிஞ்ச், பின்பக்க மூடி, கீழ்ப்பலகை மூன்றும் புதிது.

அடுத்த மாதம் கம்பெனி வாரண்டி முடிந்து கடையின் பிளான் தொடங்குகிறது. அதன் விதிகளை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். எவையெல்லாம் சேராது என்ற பட்டியலில் ஏழாவது வரி, ஹிஞ்ச்.