சிறு வள்ளத்துக்குத் தார்ப்பாயில் தைத்த பாய்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

பாக் விரிகுடாவில் 16 அடி ஃபைபர் வள்ளத்தில் கரையோரத் தொழில் செய்கிறவன் நான். நெற்குவியலையும் கூரையையும் மூடுவதற்காகக் கடைகளில் விற்கப்படும் எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்) தார்ப்பாயை வாங்கி, வெட்டித் தைத்து, வள்ளத்துக்குப் பாயாகக் கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் இந்தத் துணியை மிதமான காற்றில், காற்று பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும்போது, தயங்காமல் நம்பலாம். ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் வேண்டிய உழைப்பைத் தராதவர்களுக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. தொண்ணூறு, நூற்றிருபது என்று மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ரகங்கள் மழைக்குப் போதும், பாய்க்கு ஆகாது. எனக்குப் பொருந்தியது 200 ஜி.எஸ்.எம். ரகம். எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: 12க்கு 15 அடித் தார்ப்பாய் உண்மையிலேயே 200 ஜி.எஸ்.எம். என்றால், ஏறத்தாழ மூன்றே கால் கிலோ இருக்க வேண்டும். ஐ.எஸ். 7903 என்ற இந்தியத் தர எண் அச்சிடப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

இந்தத் துணி தட்டையான பிளாஸ்டிக் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்து, இரு பக்கமும் மெல்லிய படலம் பூசியது. இழை ஓடும் திசையில் இழுத்தால் அசையாது. மூலைவிட்டமாக இழுத்தால் நீளும். பாயை வெட்டும் முறையை இந்த ஒரு குணமே தீர்மானிக்கிறது. காற்றில் படபடக்கும் பின்னோரமும் கீழோரமும் இழையின் திசையில் அமைய வேண்டும். மூலைவிட்டமாக வெட்டிய ஓரத்தை மூங்கிற் பருமலோடு, அதாவது பாய்மரத்தில் பாயைத் தாங்கி நிற்கும் கழியோடு, சேர்த்துக் கட்டிவிட்டால், அது நீளாதபடி பருமல் தாங்கிக்கொள்ளும். 12 அடிப் பக்கத்தைப் பின்னோரமாகவும், 15 அடிப் பக்கத்தில் 10 அடியை மட்டும் கீழோரமாகவும் எடுத்துக்கொண்டால், பருமலில் கட்டும் ஓரம் பதினைந்தரை அடிக்குச் சற்று மேலாகவும், பாயின் பரப்பு 60 சதுர அடியாகவும் வருகிறது. தொழிற்சாலையிலேயே கயிறு வைத்து மடித்த இரண்டு ஓரங்களும் அப்படியே பயன்படுவதால் தையல் கூலி பாதியாகக் குறைகிறது. மீந்த துணி மூலைகளுக்கு ஒட்டுப் போட உதவும்.

பருமல் ஓரத்தை நேர்கோட்டில் வெட்டக் கூடாது. முன்மூலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நாலு அங்குலம் வெளியே புடைத்திருக்குமாறு வளைவாக வெட்டி, நேரான பருமலில் இழுத்துக் கட்டும்போது, மிகுந்த துணி உள்ளே தள்ளப்பட்டுப் பாய்க்கு வயிறு கிடைக்கிறது. தட்டையாக வெட்டிய பாய் பின்காற்றில் தள்ளும். பக்கக் காற்றில் இழுக்காது.

தார்ப்பாயைக் கடையிலிருந்து வாங்கியபடியே கட்டுபவர்கள் ஏமாறும் இடம் மூலைகள்தான். அலுமினியக் கண்ணி வளையங்கள் மூன்றடிக்கு ஒன்றாக இருக்கின்றன. பாய்க்கு அந்த இடைவெளி மிக அதிகம். உப்புநீர் பட்டு அவை வெண்மையாகப் பூத்துப் பொரிந்துவிடும். அதற்கு முன்பே வட்டத் துளை முட்டை வடிவமாக நீண்டு, வளையத்தின் விளிம்பிலிருந்து இழைகள் ஒவ்வொன்றாக உருவி வருவதைப் பார்க்கலாம். மூலைகளில் மூன்று மடிப்பு ஒட்டுத் துணி வைத்துத் தைத்துப் பித்தளை வளையம் அடிப்பது ஒரு வழி. அதைவிட உறுதியானது, உருண்டையான கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்து, பின்புறமாகக் கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கட்டுவது; துளையே இல்லாததால் கிழியும் வாய்ப்பு குறைவு. பாலிஎதிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது என்பதால் தையலையே நம்ப வேண்டும். நெருக்கமாகத் தைத்தால் துளைகளின் வரிசையிலேயே துணி தபால்தலைத் தாள்போலக் கிழிந்து வரும். பாலியெஸ்டர் நூலில், அகலமான வளைதையல் (ஜிக்ஜாக்) இரண்டு வரிசை போதும்.

பாய்மரத்துக்குக் கல்மூங்கில் நன்றாக உழைக்கிறது. ஃபைபர் வள்ளத்தின் குறுக்குப் பலகைகள் பாய்மரத்தின் சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே அடியில் குழி வெட்டிய மரக்கட்டை ஒன்றைப் பதித்து, குறுக்குப் பலகையைத் தடித்த மரத்தால் வலுப்படுத்தி, அதில் துளையிட்டுத்தான் பாய்மரத்தை நிறுத்த வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 10 நாட் (மணிக்கு ஏறத்தாழ 18.5 கி.மீ.) காற்றில் இந்த 60 சதுர அடிப் பாயில் 10 முதல் 12 கிலோ அளவுக்கு இருக்கும் தள்ளுவிசை, 20 நாட் காற்றில் 40 கிலோவைத் தாண்டிவிடும். பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை எந்த நிலையிலும் கட்டிப்போடக் கூடாது. முளையில் ஒரு சுற்றுச் சுற்றி, கையிலேயே பிடித்திருக்க வேண்டும். திடீரென வலுத்தடிக்கும் கொட்டுக்காற்று வந்தால் விட்டுவிடுவதற்கு அது ஒன்றே வழி.

தண்ணீரில் இதன் நடத்தை எனக்கு நிறைவளிக்கிறது. விடியலுக்கு முன் கரைக்காற்றில் வெளியே போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பும் பழைய கட்டுமரக்காரர்களின் கணக்கு இந்தப் பாய்க்கும் அப்படியே பொருந்துகிறது. கடற்புல் இயந்திர விசிறியில் சுற்றிக்கொள்ளும் ஆழங்குறைந்த இடங்களில், இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் பாயிலேயே கடந்துவிடலாம். ஆனால் அடிப்பகுதியில் நீருக்குள் நீண்டிருக்கும் அடிக்கட்டை இல்லாத தட்டையான வள்ளம் காற்றுக்கு எதிராக ஏறாது, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். பக்கத்தில் இறக்கும் பலகை ஒன்று இருந்தால் அந்த வழுக்கல் பெருமளவு குறைகிறது. கரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் (மேற்குக் காற்று) வீசும் நாட்களில் இந்தப் பாயை மட்டும் நம்பி வெளியே போவதை ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். போவது எளிது, இயந்திரம் நின்றால் திரும்ப வழியில்லை. இதே விரிகுடாவின் பாய்ப்படகுகளில் காற்று வரும் பக்கமாகப் பலகையை நீட்டி, அதில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகைச் சமன்படுத்தியதை, சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஏற்பாடு இல்லாத நம் சிறு வள்ளங்களில், பாயைப் பெரிதாக்கும் ஆசையை அடக்கியே வைக்க வேண்டும். 16 அடிப் படகு ஏறத்தாழ 5 நாட் வேகத்துக்கு மேல் போக நீரே தடையாக நிற்பதால், பெரிய பாயால் கிடைப்பது ஆபத்துத்தான்.

குறைகளில் பெரியது வெயில். மேற்படலம் பொடிபோல உதிரத் தொடங்கினால், மடிப்பில் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். இழை முறிந்தால் பாயின் காலம் முடிந்தது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் சாக்குக்குள் வைத்தால் அதன் ஆயுள் நீளும். இன்னொரு குறை சத்தம்; காற்று தளரும்போதெல்லாம் இது சடசடக்கும். பாய்க்கென்றே நெய்யப்படும் பாலியெஸ்டர் துணி இந்த இரண்டிலும் மேலானது. ஆனால் பாய் தமக்கு உதவுமா என்று பார்க்க விரும்பும் சிறுதொழிலாளி, அந்த விலையை எடுத்த எடுப்பிலேயே கொடுக்க வேண்டியதில்லை. அதே கடைகளில் கிடைக்கும் 250 ஜி.எஸ்.எம். ரகம் சிறு வள்ளத்துக்கு விறைப்பு அதிகம்; 20 அடிக்கு மேற்பட்ட படகு வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்.