கோலாலம்பூர் கிளம்புகிறவர்களே, 'அப்கிரேடு' என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். 2024 ஆகஸ்டில் அப்பா, அம்மா, என் மனைவி, நான் என்று நான்கு பேர் கோலாலம்பூர் போய் வந்தோம். விமான டிக்கெட், இரண்டு அறைகள், நான்கு இரவுகள், ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய் என்று மதுரையில் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் பேசி முடித்தோம். அதற்கு மேல் மூன்று வசதிகளுக்கென்று 20,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். அந்த மூன்றில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்து ஹோட்டல்காரர்கள் மறுத்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இவர்கள் கேட்கவே இல்லை. பணத்தை மட்டும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஆசை அம்மாவுடையது. ஆறுபடை வீடுகளையும் பார்த்தவர் அவர். திருப்பரங்குன்றத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பத்துமலை முருகனையும் கால் நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயது 69, மூட்டு வலி உண்டு. அப்பாவுக்கு 74. இந்த இரண்டையும் அலுவலகத்தில் முதல் நாளே சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அந்த உரிமையாளர் மூன்று வசதிகளையும் எடுத்து வைத்தார்.

"சார், பெரியவர்கள் வருகிறார்கள். அறைக்கு 4,500 கொடுங்கள், இரட்டைக் கோபுரம் தெரிகிற மாதிரி உயர்ந்த மாடியில் அப்கிரேடு வாங்கித் தருகிறேன். காலையில் போய் இறங்கியதும் அறைச் சாவி கையில் இருக்கும். கடைசி நாள் மதியம் பன்னிரண்டுக்கே காலி செய்ய வேண்டியதில்லை, அறைக்கு இரண்டாயிரம் கட்டினால் மாலை ஆறு வரை இருக்கலாம். விமான நிலையத்துக்குப் போகவும் வரவும் உங்களுக்கு மட்டும் தனி வேன், 7,500."

அப்பா திருமங்கலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "இதெல்லாம் எழுத்தில் இருக்குமா தம்பி?" என்று கேட்டார். "ஐயா, என் வார்த்தை மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார் அந்த மனிதர். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அப்பா, விடுங்கள்" என்று நான்தான் அவர் பேச்சை நிறுத்தினேன்.

அந்த 20,500 ரூபாயை மட்டும் ரொக்கமாகக் கேட்டார். ரசீது இல்லை. அன்றிரவு நானாகவே வாட்ஸ்அப்பில் மூன்று வசதிகளையும் தொகைகளையும் எழுதி "சரிதானா?" என்று கேட்டேன். "ஆமாம் சார், மூன்றும் கன்ஃபர்ம்" என்று பதில் வந்தது. இன்று என் கையில் இருக்கும் உருப்படியான ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

அறை, வேன் பதிவு விவரங்கள் அடங்கிய சீட்டான வவுச்சர் வந்தது கிளம்பும் நாள் மாலை ஆறு மணிக்கு. பெட்டி கட்டும் அவசரத்தில் பெயர்களையும் தேதிகளையும் மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். திருச்சி போய்ப் புதிய முனையத்தில் நள்ளிரவு தாண்டி விமானம் ஏறினோம். கோலாலம்பூரில் இறங்கும்போது அங்கே காலை ஏழு மணி. மதுரையில் நாலரை மணி. இந்த இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஏதாவது சிக்கல் என்றால், இங்கே போனை எடுக்க வேண்டியவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

வெளியே வந்ததும் பெயர்ப் பலகைகளைத் தேடினோம். எங்கள் பெயர் எதிலும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, அலுவலகத்தின் பெயர் எழுதிய தாளோடு ஓர் ஓட்டுநர் வந்தார். இன்னொரு விமானத்தில் ஆறு பேர் வர வேண்டும், வந்ததும் போகலாம் என்றார். இது தனி வேன் என்றேன். அவர் தன் கைபேசியில் இருந்த பட்டியலைக் காட்டினார். எங்கள் பெயருக்கு நேரே எஸ்.ஐ.சி. என்று இருந்தது. என் வவுச்சரைத் திறந்து பார்த்தேன். அடியில், சிறிய எழுத்தில், அதே மூன்று எழுத்துகள். பயணத் தொழிலில் அதன் பொருள், வண்டி உங்களுக்கானது அல்ல, வண்டியில் இருக்கைகள் மட்டுமே உங்களுக்கானவை என்பது. தனி வண்டி என்றால் 'பிரைவேட்' என்று தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். விமான நிலையம் நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சிப்பாங்கில் இருக்கிறது. அந்த ஆறு பேரும் வந்து, அவர்களை இரண்டு ஹோட்டல்களில் இறக்கிவிட்டு, எங்களைக் கொண்டுவந்து சேர்த்தபோது மணி பதினொன்று.

வரவேற்பில் இருந்தவர் அந்த ஊர்த் தமிழ் இளைஞர். என் பெயரில் பதிவே இல்லை என்றார். தேடித் தேடி, இரண்டு அறைகளும் அப்பாவின் பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்தார். நம் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருக்கும் இடத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். பிறகு அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, நீங்களே பாருங்கள்."

ஆங்கிலத்தில் இருந்தது. அறை வகை: ஸ்டாண்டர்டு. சிறப்புக் கோரிக்கைகள் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. முன்கூட்டியே அறை தரும்படியோ, உயர்ந்த மாடி என்றோ, கடைசி நாள் மாலை ஆறு மணி என்றோ ஒரு சொல் இல்லை. வேனுக்கான பணம் போக, மீதி பதின்மூவாயிரம் ரூபாய்க்கான இடம் அந்த வெள்ளைக் கட்டம்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அரை நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை.

அறை மூன்று மணிக்குத்தான். முந்தைய இரவு ஹோட்டல் நிரம்பியிருந்ததால் சுத்தம் செய்த அறை ஒன்றும் கைவசம் இல்லை. அந்த இளைஞரிடம் குறை இல்லை. பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார், அம்மாவுக்கு வெந்நீர் கொடுத்தார். அம்மா முகப்புக் கூடத்து சோபாவின் நுனியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாய்ந்துகொள்ளுங்கள் என்றால், "நாலு பேர் நடமாடுகிற இடம், நன்றாக இருக்காது" என்றார். இரவு முழுக்கத் தொங்கவிட்ட கால். இரண்டு மணி வாக்கில் குனிந்து செருப்பைக் கழற்றப் பார்த்தார், கழலவில்லை. என் மனைவிதான் தரையில் உட்கார்ந்து வாரை அவிழ்த்துவிட்டார். பாதத்தில் வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

மூன்றேகாலுக்கு ஆறாவது மாடியில் அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அறை வாடகை போக, ஓர் இரவுக்கு அறைக்கு 10 ரிங்கிட் வீதம் சுற்றுலா வரி 80 ரிங்கிட் கட்டச் சொன்னார்கள். ஏறத்தாழ 1,500 ரூபாய். இது ஹோட்டலின் கொள்ளை அல்ல. வெளிநாட்டவரிடம் 2017 செப்டம்பரிலிருந்து மலேசிய அரசு வாங்கும் வரி. "எல்லாம் உள்ளடங்கியது" என்று சொன்ன மதுரை அலுவலகம் இதையும் சொல்லவில்லை. மலேசியாவுக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டைக்கு ஆளுக்கு 500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நாமே மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்பிவிடலாம்.

மறுநாள் காலை பத்துமலை. 140 அடி முருகன் பொன்னிறத்தில் நிற்கிறார். பின்னால் 272 படிகள். அம்மா முதல் படியில் கையை வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். முட்டி வீங்கியிருந்தது. முதல் நாள் நேரத்தோடு ஒரு கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தால் மெல்ல மெல்லவாவது ஏறியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேலே குகைக்குள் நான் கும்பிட்டபோது மனம் கோயிலில் இல்லை.

அப்கிரேடு என்பது என்ன என்று அன்று மாலை அந்த இளைஞரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். கீழ் வகை அறைகள் நிரம்பி, மேல் வகை அறைகள் காலியாகக் கிடந்தால், அன்றைக்கு வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்துச் சிலரை மேலே மாற்றுவார்கள். முதலில் ஹோட்டலின் உறுப்பினர் திட்டத்தில் இருப்பவர்கள், பிறகு நேரடியாகப் பதிவு செய்தவர்கள். மொத்த விலைக்கு அறை பிடித்து விற்கும் இடைத்தரகர்கள் வழியாக வருகிறவர்கள், அதாவது எங்களைப் போன்றவர்கள், கடைசி வரிசை. அப்படிக் கிடைக்கும் அப்கிரேடு இலவசம். காசு கொடுத்துத்தான் நல்ல அறை வேண்டும் என்றால், முதலிலேயே மேல் வகை அறையைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வகையின் பெயர் வவுச்சரில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் விற்பதற்கு வேறொன்றும் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் எந்த மாடியில் இடம் காலியாக இருக்கும் என்று தை மாதமே சொல்லிக் காசு வாங்குவதற்கும், எங்களிடம் வாங்கிய 9,000 ரூபாய்க்கும் வித்தியாசம் இல்லை.

தாமதமாக அறையைக் காலி செய்வதும் அப்படித்தான். அடுத்த விருந்தினர் மூன்று மணிக்கு வந்து நிற்பார். அதற்குள் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி வரை என்றால், கூட்டம் இல்லாத நாளில் முந்தைய இரவு கேட்டாலே பல இடங்களில் இலவசமாக விடுவார்கள். மாலை ஆறு வரை என்றால் பெரும்பாலும் அரை நாள் வாடகை. உறுதியாக வேண்டுமானால் அந்த அரை நாள் வாடகையை ஹோட்டலுக்கே கட்டி, அவர்களிடமிருந்தே எழுத்தில் வாங்க வேண்டும்.

எங்களுக்கு இரவு ஒன்பதரைக்கு விமானம். கடைசி நாள் மதியம் பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். வேன் இரண்டு மணிக்கு வரும் என்று செய்தி வந்தது. கூட வரும் குடும்பத்துக்கு மாலையிலேயே விமானமாம்! அம்மாவை இன்னும் ஏழரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேனை அனுப்பிவிட்டு, ஓர் அறையை மட்டும் ஆறு மணி வரை அரை நாள் வாடகைக்கு எடுத்தோம். பிறகு கைபேசிச் செயலியில் ஒரு கார் அழைத்தோம். நான்கு பேர், பெட்டிகள், சுங்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து 90 ரிங்கிட். நம் பணத்தில் 1,700 ரூபாய் அளவில். போக வர இரண்டுக்கும் சேர்த்து 3,400 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பயணத்துக்கு 7,500 கொடுத்திருக்கிறேன், அதுவும் வராத வண்டிக்கு. ஒருவர் இருவர் என்றால் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயில் இருக்கிறது. முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவதற்கு 33 நிமிடம். அப்போது ஆளுக்கு 55 ரிங்கிட் என்பதால் நான்கு பேருக்குக் காரே மலிவு.

ஊர் திரும்பியதும் நேராக அந்த அலுவலகத்துக்குப் போனேன். "ஹோட்டல்காரர்கள் தரவில்லை சார், அதெல்லாம் காலி இருப்பதைப் பொறுத்தது" என்றார். ஹோட்டலுக்கு நான் மின்னஞ்சல் எழுதி, அப்படி ஒரு கோரிக்கை எந்தத் தேதியிலும் வரவில்லை என்று பதில் வாங்கியிருந்தேன். அதைக் காட்டியதும், அங்குள்ள ஏஜெண்டின் தவறு என்றார். பிறகு, அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் கழித்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த பயணமாம். அம்மாவின் வீங்கிய காலை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, பிடிப்பது அப்போதைய விதி. அந்தக் கணக்கில் 10,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அதை அவர்கள் அரசுக்குக் கட்டியிருந்தால் என் பான் எண்ணில், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் வந்திருக்கும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஜூனில் கட்டிய பணம் இன்றுவரை அதில் ஏறவில்லை. வெளிநாடு போய் வந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் படிவத்தைத் திறந்து பாருங்கள்.

போகப் போகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். வவுச்சரைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். அதில் இருக்கும் எண் அலுவலகத்தின் எண்ணாக இருக்கலாம்; ஹோட்டலின் சொந்த உறுதிப்பாட்டு எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, என்ன வகை அறை, எத்தனை மணிக்கு வருகிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், இதற்கு நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும். பதில் வர ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான். விடியற்காலையில் இறங்கும் விமானம் என்றால், வயதானவர்கள் உடன் இருந்தால், முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறையைப் பதிவு செய்துவிடுங்கள். எங்கள் 20,500 ரூபாயில் அதைச் செய்திருக்கலாம்.

ஏமாந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அலுவலகத்திலிருந்து ஒருமுறை போன் வந்தது, பணம் வரவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல், வவுச்சர், ஹோட்டலின் மின்னஞ்சல், காருக்குக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் அப்பா அச்செடுத்து வரச் சொன்னார். நேற்று இரவு சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வலது மேல் மூலையில் பக்கம் பக்கமாக எண் போட்டு, நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தார். நாற்பத்தொரு பக்கங்கள்.