ரீச்சா, மெட்ரோவா: கேமோடு ஒட்டிய இரண்டு நாவல்கள், ஒரு டீக்கடைச் சண்டை

வீடியோ கேமோடு ஒட்டி வந்த நாவல் என்றாலே பாதிப் பேர் 'அது விளம்பரம்யா' என்று ஒதுக்கிவிடுவார்கள். மீதிப் பேர் அந்த கேமை விடிய விடிய ஆடியவர்கள், அவர்களிடம் ஒரு குறை சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியாது. மதுரையில் எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டு தரப்பும் உண்டு. வட்டம் என்பது பெரிய வார்த்தைதான். நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் முகம் பார்த்துப் பழகி, பக்கத்து டீக்கடை வரைக்கும் பேச்சை இழுத்துக்கொண்டு போகிற சிலர், அவ்வளவுதான். கொஞ்ச நாளாக அங்கே ஓடுகிற சண்டை இரண்டு அறிவியல் புனைவு நாவல்களைப் பற்றியது. எரிக் நைலண்ட் எழுதிய 'ஹேலோ: தி ஃபால் ஆஃப் ரீச்', திமித்ரி குளுகோவ்ஸ்கி எழுதிய 'மெட்ரோ 2033'.

இரண்டும் வந்த வழியே வேறு. ரீச் நாவல் கேமுக்காகவே எழுதச் சொல்லி எழுதப்பட்டது. 2001 அக்டோபர் கடைசியில் புத்தகம் வந்தது, இரண்டு வாரம் கழித்து மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸோடு முதல் ஹேலோ கேம் வந்தது. ஏழே வாரத்தில் எழுதி முடித்தாராம் நைலண்ட். மெட்ரோ அப்படியில்லை. 2002ல் இணையத்தில் அத்தியாயங்களாகப் போட்டு, 2005ல் அச்சாகி, 2010ல்தான் அதிலிருந்து கேம் செய்தார்கள், செய்தது உக்ரைன் நிறுவனமான 4ஏ கேம்ஸ். அதனால் 'மெட்ரோவை இந்த வகையிலேயே சேர்க்கக் கூடாது, அது இலக்கியம்' என்று ஒரு குரல் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நம் ஊரில் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த முக்கால்வாசிப் பேர் கேம் வழியாகத்தான் அதற்கு வந்தார்கள், அது போதும்.

ரீச்சின் தீவிர ஆதரவாளன் பொறியியல் படிக்கிற ஒரு தம்பி. அவன் அண்ணன் பிரவுசிங் சென்டரில் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து லேன் போட்டு ஹேலோ ஆடிய தலைமுறை, 2003ல் வந்த கணினிப் பதிப்பு. தம்பிக்கு ஹேலோவின் நாயகனான மாஸ்டர் சீஃப் என்றால் குலசாமி. கேமில் அந்த ஆளின் முகத்தையே காட்ட மாட்டார்கள், ஹெல்மெட்டுக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாமலேயே ஆடிக்கொண்டிருப்போம். நாவல் அந்த ஹெல்மெட்டைக் கழற்றுகிறது. உள்ளே இருப்பது ஜான் என்ற ஆறு வயசுப் பையன். டாக்டர் ஹால்ஸி என்ற விஞ்ஞானி அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா கேட்கிறாள், அவன் அதைக் காற்றிலேயே பிடித்துவிட்டுச் சரியாகச் சொல்கிறான். அப்புறம் அவனைப் போல 75 பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். வீட்டில் சந்தேகம் வராமல் இருக்க அவசரமாக வளர்த்த நகல் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள், அவையும் சீக்கிரமே நோய் வந்து செத்துப்போகும்.

இந்த முதல் பகுதி பிரமாதம் என்பதில் எங்களுக்குள் தகராறே இல்லை. குறிப்பாக மணி அடிக்கிற போட்டி. மூன்று பேர் மூன்று பேராக அணி பிரித்துத் தடைகளைத் தாண்டி ஏறி மணியை அடிக்கச் சொல்கிறார்கள், கடைசியாக வருகிற அணிக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஜான் முதல் ஆளாக ஓடிப்போய் அடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான், ஆனால் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் பின்தங்கிவிட்டதால் தோற்றது அவன் அணிதான், பட்டினியும் அவர்களுக்குத்தான். பின்னால் அவன் எடுக்கிற எல்லா முடிவுக்கும் விதை இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. கேம் ஆடுகிறவனுக்கு இது தனிச் சுகம், ஏனென்றால் இதுவரை அவன் விரலால் இயக்கிய பொம்மைக்குத் திடீரென்று பசி வந்துவிடுகிறது.

சிக்கல் அதற்கு அப்புறம். பிள்ளைகள் வளர்ந்து, பதினான்கு வயசில் உடம்பைப் பலப்படுத்தும் அறுவை சிகிச்சை நடந்து, அதில் பாதிக்கும் குறைவானவர்களே முழுசாகத் தேறி வெளியே வந்து, கவசத்தை மாட்டியதும் நாவல் கேமின் மொழிக்குப் போய்விடுகிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் தேதி, நேரம், கப்பல் பெயர், ஆயுதத்தின் பெயர். எங்களோடு வருகிற ஒரு டீச்சர் அக்கா, வாழ்க்கையில் எந்த கேமும் தொடாதவர், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். அவர் கேட்ட கேள்விதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. "பெத்தவளுக்குப் பிள்ளை மாறினது தெரியாமலா போகும்? அந்த ஒரு வீட்டுக்குள்ள போய் ஒரு பக்கம் எழுதியிருந்தா நான் மிச்சத்தையும் படிச்சிருப்பேன். அதை விட்டுட்டு ராக்கெட்டு எண்ணிக்கிட்டு இருக்காரு."

தம்பி விடவில்லை. "அக்கா, அது பட்டாளத்துக் கதை. பட்டாளத்துல வீட்டைப் பத்தி யாரு பேசுவா?" என்றான். கூடவே கேப்டன் கீஸ் காட்சியையும் இழுத்தான். ஒரே ஒரு கப்பலை வைத்துக்கொண்டு, தன்னைத் துரத்தி வருகிற பிளாஸ்மா குண்டை வேற்றுக்கிரக எதிரியின் கப்பல் பக்கத்திலேயே உரசிக்கொண்டு போய் அதன் மேலேயே விட்டடிக்கிற இடம். நல்ல காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அக்கா சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது.

கேம் ஆடியவர்களுக்குள்ளேயே இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. 2010ல் 'ஹேலோ: ரீச்' என்று கேம் வந்தபோது நாவலில் இருந்ததை அப்படியே எடுக்கவில்லை. புத்தகத்தில் ரீச் கிரகம் மளமளவென்று விழுந்துவிடும், கேமில் சண்டை வாரக்கணக்கில் நீளும். புத்தகத்தில் விண்வெளியில் இருக்கிற கப்பல் கேமில் தரையிலிருந்து கிளம்பும். ஒட்டவைக்கிறதற்காக நாவலின் மறுபதிப்பில் சில இடங்களைத் திருத்தவும் செய்தார்கள். ஒன்பது வருஷம் நம்பிப் படித்தவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் இன்னும் பொருமுகிறார்கள். நான் கதையை ஆதாரப் பத்திரமாகப் படிப்பதில்லை, அதனால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை.

சரி, மெட்ரோ. இதற்கு எங்கள் வட்டத்தில் கிடைத்த வாசகர் யாரும் எதிர்பார்க்காதவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா. மதுரைக்கு மெட்ரோ ரயில் என்பது திருமங்கலம் - ஒத்தக்கடை என்று காகிதத்தில் இருக்கிற ஒரு கோடு, ஆனால் சுரங்கமும் சிக்னலும் டிராலியும் அவருக்குச் சொந்த வீடு. அணுப்போருக்கு அப்புறம் மாஸ்கோ மெட்ரோவுக்குள் ஒதுங்கிய ஜனங்கள், ஒவ்வொரு நிலையத்தையும் ஒரு நாடாக்கி வைத்திருக்கிறார்கள். வட்டப் பாதை முழுவதும் வியாபாரிகள் கையில், ஒரு பாதை கம்யூனிஸ்டுகளிடம், ஒரு மூலையில் நாஜிகள். காசுக்குப் பதில் துப்பாக்கித் தோட்டா. ஆர்ட்டியோம் என்ற இளைஞன் தன் நிலையத்தைத் தாக்க வருகிற கறுப்பு உருவங்களைப் பற்றிச் செய்தி சொல்ல மெட்ரோவின் நடுமையத்துக்குப் போக வேண்டும், கதை அவ்வளவுதான். ஐயாவுக்குப் பிடித்தது சண்டையோ பேயோ இல்லை, நிர்வாகம். "எல்லைன்னு கோடு போட்டதும் பாஸ்போர்ட்டு, வரி, சோதனைச் சாவடி எல்லாம் தானா வந்திருச்சு பாருங்க. காளான்ல போடுற டீக்குக்கூட ஊர் பேர் சொல்லித்தான் மதிப்பு."

தம்பிக்கு மெட்ரோ ஆகவில்லை. "நடந்துக்கிட்டே இருக்கான்ணே, நடுவுல நடுவுல யாராவது ஒரு கதை சொல்றாங்க, திரும்ப நடக்குறான்." இது பொய்யில்லை. மதுரையிலிருந்து போடிக்குப் போகிற சாதா பஸ் மாதிரி எல்லா நிறுத்தத்திலும் நின்று, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் தத்துவம் கேட்டுத்தான் போகிறது. நடுப்பகுதியில் நானே பக்கங்களைத் தள்ளினேன். ஆங்கில மொழிபெயர்ப்பும் சில இடங்களில் விறைப்பு. இன்னொரு குறையை டீச்சர் அக்கா சொன்னார். இவ்வளவு பெரிய சுரங்க உலகத்தில் பேசுகிற பெண் என்று ஒருத்தியைத் தேட வேண்டியிருக்கிறது. கடத்துகிறவளாக இருந்தாலும் ரீச்சில் ஹால்ஸி என்று ஒரு முழு மனுஷியாவது இருக்கிறாள்.

ஆனாலும் அக்கா மெட்ரோவைக் கடைசி வரை படித்தார், ரீச்சைப் படிக்கவில்லை. என் கணக்கில் எல்லாம் இங்கேதான் முடிவாகிறது. இரண்டு கேமிலும் நாயகன் கிட்டத்தட்ட ஊமை, நம் கை போகிற பக்கம் போவான். நாவல் செய்ய வேண்டிய ஒரே வேலை அவனுக்கு ஒரு மனசு கொடுப்பது. ரீச் அதை மூன்றில் ஒரு பங்கு தூரம் அற்புதமாகச் செய்துவிட்டு, பையன் கவசம் போட்டதும் மனசைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆர்ட்டியோமோ கடைசிப் பக்கம் வரை பயப்படுகிறான், சந்தேகப்படுகிறான், தன்னை எதற்கு இந்த வேலைக்குத் தேர்ந்தார்கள் என்று குழம்புகிறான். கேமைத் தொடாதவரும் அவனோடு நடக்க முடிகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கேம் நாவலை முந்துகிறது. அங்கே நல்ல தோட்டாதான் பணம், அவசரத்துக்கு அதையே சுடவும் செய்யலாம், அப்படிச் சுடும்போது வயிறு எரியும் பாருங்கள், அது எந்த வாக்கியத்திலும் வராது.

மூன்றாவதாக ஒருவர் 'மாஸ் எஃபெக்ட்: ரெவலேஷன்' என்று பேச்சில் நுழைத்தார். 2007ல் கேமுக்குச் சில மாதம் முன்னால் வந்தது, எழுதிய ட்ரூ கார்பிஷின்தான் கேமுக்கும் முதன்மை எழுத்தாளர். கேமில் வருகிற ஆண்டர்சனுக்கும் சாரனுக்கும் ஏன் ஆகாது என்று தெரிந்துகொள்ள உதவும், ரயிலில் படிக்கலாம், மற்றபடி பாத்திரங்கள் அடிக்கடி நின்று அந்த உலகத்துக்கு விளக்கவுரை சொல்கிறார்கள். அதே வரிசையில் வேறொருவர் எழுதி 2012ல் வந்த 'டிசெப்ஷன்' பக்கம் போகவே வேண்டாம். ரசிகர்கள் பிழைப்பட்டியல் போட்டு, கடைசியில் வெளியிட்டவர்களே மன்னிப்புக் கேட்ட புத்தகம் அது. முதல் ஹேலோ கேமை அப்படியே நாவலாக்கிய 'தி ஃப்ளட்'டும் அதே ஆள் எழுதியதுதான், கேமை ஆடியவனுக்குத் தெரிந்த தாழ்வாரத்திலேயே திரும்ப நடத்திக் கூட்டிப்போகிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மெட்ரோ வாங்குங்கள். ஹேலோ ஆடியவர் என்றால் ரீச், இனிமேல்தான் ஆடப் போகிறவர் கேமுக்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது. மெட்ரோவுக்கும் புத்தகம் முதலில், கேம் அப்புறம், ஏனென்றால் கேமில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. சும்மா சுட்டுக்கொண்டே போனால் புத்தகத்தில் இருக்கிற முடிவு வரும். மற்றது கிடைக்க வேண்டுமென்றால் வழியில் ஜனங்கள் பேசுவதை நின்று கேட்க வேண்டும், பிச்சை கேட்கிறவனுக்கு ஒரு தோட்டா போட வேண்டும். நம் தம்பிக்கு அது இன்னும் வரவில்லை.