மசாஜ் உரிமக் காசு எந்தப் பெட்டிக்குள் விழுகிறது?

தொக்கணம், அதாவது உடம்பைப் பிடித்துவிடுவது, யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் அது ஒரு சிகிச்சை. பலகை போட்டு நடத்தும் மசாஜ் நிலையம்தான் புதிது. அதைக் கண்காணிக்கும் செலவு யார் தலையில்? நம் ஊர் உள்ளூராட்சி உரிமத்தையும், நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாண முறையையும் அருகருகே வைத்தால் விடை தெரியும்.

பிரதேச சபை உரிமம் கட்டடத்துக்கு, ஆளுக்கல்ல. அந்தத் தொழில் உரிமப் பட்டியலில் இருந்தால்தான் அதுவும். கட்டணத்தைக் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதி, அதாவது வருட வாடகையாக மதிப்பிடும் தொகை, தீர்மானிக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வகுத்த படிநிலை இது: பெறுமதி 750 ரூபாய் வரை என்றால் கட்டணம் 500, 1,500 வரை 750, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 1,000. ஒரு சபை எல்லைக்குள் 10 நிலையங்கள் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். இதில் என்ன கண்காணிப்பது! பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் (பி.எச்.ஐ.) சம்பளத்தைச் சுகாதாரத் துறை கொடுப்பதால்தான் வண்டி ஓடுகிறது. ஆகக் கண்காணிப்புச் செலவை உண்மையில் சுமப்பது வரி கட்டும் சனம்.

தண்டப்பணம் இன்னும் சுற்றுவழி. சபை நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். விதித்த தண்டம் மாகாண சபை வழியாகச் சுற்றி, மற்றத் தண்டங்களோடு கலந்து சபைக்கு வரும். மசாஜ் கண்காணிப்புக்கென்று அதில் ஒரு சதமும் ஒதுங்காது. கடையை மூடினாலும், பிழை விட்டவர் அடுத்த சபை எல்லையில் வேறு பலகைக்குக் கீழே வேலைக்குப் போகலாம்.

ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு ஆளுக்கு. மசாஜ் சிகிச்சையாளர் கழகம் உறுப்பினர்களின் வருடக் கட்டணத்தில் நடக்கிறது. முறைப்பாட்டை விசாரிப்பதும் அந்தக் காசில்தான். பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான நோயாளியின் சிகிச்சைக்கும் கழகமே நிதி வைத்திருக்க வேண்டும். ஒழுக்காற்றுக் குழு 35,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் அது மாகாண நிதியமைச்சருக்குப் போகும். கழகம் கேட்டுப் பெறக்கூடியது விசாரணைச் செலவை மட்டும். அந்த முறையில் மிகச் சிறந்தது இதுவே என்பேன். தண்டத்தை வாயில் போடும் அமைப்புக்கு, குற்றம் கண்டுபிடிக்கவே பசி எடுக்கும்.

ஓட்டையும் உண்டு. சட்டம் காப்பது ‘மசாஜ் சிகிச்சையாளர்’ என்ற பெயரை. பிடித்துவிடும் வேலையை அல்ல. பதிவில்லாத இடங்களுக்கு ரொறன்ரோ மாநகரம் தனியாக உரிமம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கலிபோர்னியாவில் 2009 முதல் இயங்கும் ஒரு இலாப நோக்கற்ற சபை, இப்போது 500 மணி நேரப் பயிற்சி கேட்டுச் சான்றிதழ் தருகிறது. அதுவும் கட்டணத்தில்தான் ஓடுகிறது, ஆனால் மாநிலச் சட்டப்படி அந்தச் சான்றிதழை எடுப்பது விருப்பத் தெரிவு.

ஒன்ராறியோ முறையை அப்படியே இங்கு இறக்க முடியாது. தலை எண்ணிக்கை போதாது. 100 பேர் பதிந்த ஒரு கழகத்துக்கு, சட்டத்தரணி வைத்து நடத்தும் ஒரு விசாரணை 5 லட்சம் ஆனால், ஆளுக்கு 5,000 ரூபாய். இரண்டு வழக்கு வந்தால் கட்டணம் இரட்டிக்கும், ஆட்கள் பதிவை விட்டு ஓடுவார்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழுள்ள மருத்துவ சபை ஏற்கெனவே சித்த வைத்தியர்களைப் பதிகிறது. ஆளின் பதிவை அங்கே தனிக் கணக்கில் வைத்து, கட்டடத்தைப் பிரதேச சபையிடம் விடுவதே கட்டுப்படியாகும். ஆனால் அந்த 1,000 ரூபாய் உச்சவரம்பு அப்படியே கிடந்தால், பி.எச்.ஐ. வந்துபோகும் பெற்றோல் காசுக்கும் அது காணாது.