குப்பை மேட்டர்ல சிங்கப்பூரா, தைப்பேயா, சியோலா?

க்ளீன் சிட்டின்னாலே நம்ம ஆளுங்க சிங்கப்பூரத்தான் சொல்லுவாங்க, ஆனா தெரு பளிச்சுன்னு இருக்கறது வேற, வீட்டுக் குப்பை கடைசில எங்க போய்ச் சேருதுங்கறது வேற.

சிங்கப்பூர்ல எச்டிபின்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடி வீடுகள்ல, குப்பையக் கீழ தள்ளிவிடற குழாய் இருக்கு. பழைய ப்ளாக்னா கிச்சன்லயே இருக்கும், மூடியத் திறந்து பையத் தள்ளிவிட்டா முடிஞ்சுது, மீன் செதில், பிளாஸ்டிக் டப்பா, மிச்ச சோறு எல்லாம் ஒண்ணாக் கீழ போயிடும். அங்கேர்ந்து எரிக்கற ப்ளாண்ட்டுக்குப் போகுது, எரியற வெப்பத்துல கரண்ட் எடுக்கறாங்க, சாம்பல படகுல ஏத்தி செமாகாவ் தீவுல கொட்டறாங்க. குப்பையோட அளவு 90 சதவீதம் குறையுது, இடமே இல்லாத ஊருக்கு இது பெரிய விஷயம், அத மறுக்க முடியாது. ஆனா 1999ல தொறந்த அந்தத் தீவுதான் நாட்டுக்கே இருக்கற ஒரே குப்பைக் கிடங்கு, 2035 வாக்குல அதுவும் நிறைஞ்சிடும்னு அரசாங்கமே சொல்லுது. வீட்டுக் குப்பைல ரீசைக்கிள் ஆகறது சமீப வருஷங்கள்ல 15 சதவீதத்தக்கூடத் தொடல. கம்மியா போட்டாலும் நிறைய போட்டாலும் மாசக் கட்டணம் ஒண்ணுதான், அப்புறம் யாரு உக்காந்து பிரிப்பாங்க?

தைவான் தலைநகர் தைப்பே இதுக்கு நேர் எதிர். தெருவுல குப்பைத்தொட்டியே அபூர்வம். பீத்தோவனோட 'ஃபூர் எலிஸ்' மாதிரி மியூசிக் போட்டுக்கிட்டு மஞ்ச லாரி வரும், பின்னாடியே ரீசைக்கிள் லாரி, ஜனங்க பையோட எறங்கி வந்து அவங்க கையாலயே போடணும். 2000லேர்ந்து கார்ப்பரேஷன் பைய காசு குடுத்து வாங்கி அதுலதான் குப்பை போடணும், ஆனா பாட்டில், பேப்பர், சாப்பாட்டு மிச்சம் இதெல்லாம் பிரிச்சுக் குடுத்தா ஃப்ரீ. பிரிச்சா காசு மிச்சம்னு ஆனப்புறம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஆனா லாரி வர்ற நேரத்துல வீட்ல இருக்கணும், புதன், ஞாயிறு வண்டியே கிடையாது, நைட் ஷிஃப்ட் போறவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

என் ஓட்டு சியோலுக்குத்தான். 1995லேர்ந்து தென் கொரியா முழுக்கவே குப்பை போடற பைக்குக் காசு, 2005ல சாப்பாட்டுக் கழிவ அப்படியே நிலத்துல கொட்டறதுக்குத் தடை. அபார்ட்மென்ட் வாசல்ல ஒரு மெஷின் நிக்கும், கார்ட காமிச்சா மூடி தொறக்கும், கொட்டினதும் எத்தன கிலோன்னு ஸ்கிரீன்ல வரும், அதுக்கேத்த மாதிரி பில். தண்ணியும் எடைதானே, அதனால மிச்சத்த நல்லாப் பிழிஞ்சு வடிகட்டிட்டுத்தான் எடுத்துட்டு வர்றாங்க. முட்டை ஓடு, கோழி எலும்பு, வெங்காயத் தோல் அதுல போடக்கூடாது, ஏன்னா தீவனமா மாத்தினா விலங்குங்க தின்ன முடியாது. மிச்சமெல்லாம் தீவனம், உரம், பயோகேஸ்னு போயிடுது. லாரிக்காகக் காத்திருக்கற தொல்லையும் இல்ல.

நம்ம சென்னைக்கும் இதுல இருக்கற பாடம் பெருசு, ஏன்னா நம்ம வீட்டுக் குப்பைல பெரும்பங்கு ஈரக்குப்பைதான், அது பிளாஸ்டிக்கோட கலந்து கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்குப் போனதுதான் மலையாக் குவிஞ்சுது, 2022ல பெருங்குடில பத்திக்கிட்டு எரிஞ்சப்ப சுத்துவட்டாரமே புகைல தவிச்சுது. எரிக்கற ப்ளாண்ட் கட்டறதப் பத்தி பேசறதுக்கு முன்னாடி, பெரிய அபார்ட்மென்ட்டுகள்லயாவது ஈரக்குப்பைக்கு எடை மெஷின் வச்சுப் பாக்கணும்.